ஒரு மணி நேர வகுப்பா, வீடியோவா, இரண்டும் கலந்ததா?

கல்லூரி திறந்ததும் முதலாண்டு மாணவர்கள் அறுபது பேரை நூலகத்துக்கு அனுப்புவார்கள். ஓபேக் எனும் நூலகத்தின் கணினிப் பட்டியல், இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தளமான ஷோத்கங்கா, மேற்கோள் காட்டும் முறை எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் நான் சொல்லி முடிக்க வேண்டும். பாதிப் பேர் ஏசிக்காக உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஒரு அசைன்மென்ட்கூட இல்லாத நாளில் தேடக் கற்றுக்கொடுத்தால் யாருக்கு மனதில் நிற்கும்? முனைவர் பட்ட மாணவர்களுக்காவது ஆய்வு நெறிமுறை என்று 30 மணி நேரப் பாடத்தை பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019 கடைசியில் கட்டாயமாக்கியது. இளங்கலைக்கு அந்த ஒரு மணி நேரம்தான்.

சரி, முழுக்க ஆன்லைனில் வைத்தால்? சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது, ஆண்டுவாரியாக வடிகட்டுவது போன்றவற்றுக்கு வீடியோ அருமை. புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம். ஆனால் வீடியோவுக்குக் கீழே இருந்த வினாடி வினாவில் பத்துக்குப் பத்து வாங்கிய மாணவி ஒருத்தி, அடுத்த வாரமே சாட்ஜிபிடி கொடுத்த ஐந்து மேற்கோள்களோடு வந்தாள். அதில் இரண்டு கட்டுரைகள் எங்குமே இல்லை. "டிஓஐ நம்பர்கூட இருக்கே சார்" என்றாள். ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் தரப்படும் தனி அடையாள எண் அது. அந்த எண்ணை அவளையே தட்டிப் பார்க்கச் சொன்னேன். வேறு ஏதோ வேதியியல் கட்டுரை திறந்தது.

அந்த ஐந்து நிமிடம்தான் எனக்குக் கலப்புக் கற்றலைப் புரியவைத்தது. இப்போது வீடியோவை வீட்டிலேயே பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். வகுப்பில் இரண்டு தளங்களைத் திறந்து வைத்து, எது நம்பகமானது என்று கேட்பேன்: அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் தங்கள் ஆய்வில் கொடுத்த சோதனை இது. எங்கள் பிள்ளைகள் லோகோ, வடிவமைப்பு, 'எங்களைப் பற்றி' என்று அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றுவார்கள். அந்த ஆய்வில் வரலாற்றுப் பேராசிரியர்கள் பலரே அப்படித்தான் தடுமாறினார்கள். செய்தி சரிபார்ப்பவர்களோ உடனே வேறு டேப் திறந்து, வெளியே அந்த அமைப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். முதலாவது 1930இல் தொடங்கிய பெரிய மருத்துவர் சங்கம். இரண்டாவது 2002இல் அதிலிருந்து பிரிந்து போன சிறு குழு. இதைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் எழும் சத்தம் வீடியோவில் வராது.

பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வகுப்பில் பிபிடி ஓடும், பயிற்சி வீட்டுக்குப் போகும். அதையும் 'கலப்பு' என்றுதான் கணக்குக் காட்டுகிறார்கள்.

என் முறைக்கும் விலை உண்டு. அறுபது பேரை இருபது இருபதாகப் பிரித்து மூன்று முறை எடுக்க வேண்டும். அப்புறம், வீடியோ பார்க்காமல் வருபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களை, வீடியோ பார்த்தவர்களின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறேன்.