மணி என்ன என்பது வேறு, எவ்வளவு நேரமாச்சு என்பது வேறு

தொண்டிக்குத் தெற்கே ஓர் இறால் பண்ணையில் குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைக் கண்காணிக்க ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகையை வைத்துக் கொடுத்திருந்தேன். ஏரேட்டர் 10 நிமிடத்துக்கு மேல் நின்றால் அலாரம் அடிக்க வேண்டும். விடியற்காலையில் குளத்தில் ஆக்சிஜன் அடியோடு இறங்கிவிடும் என்பதால் அந்த 10 நிமிடம் பெரிய விஷயம்.

அந்தப் பலகையில் பேட்டரி கடிகாரம் கிடையாது. நெட் இல்லாத நாளில் யாரோ கையால் மணி வைத்ததில் 40 நிமிடம் முந்திப் போயிருந்தது. ஒருநாள் அதன் கணக்கில் 3:20க்கு மோட்டார் ட்ரிப் ஆனது. 3 நிமிடத்தில் நெட் டாங்கிளுக்குச் சிக்னல் வர, நெட்டிலிருந்து சரியான நேரம் எடுத்து மணி 2:43க்குத் திரும்பியது. நான் பைதான் மொழியில் அப்போதைய மணியைத் தரும் டைம்.டைம் வைத்து, அதிலிருந்து மோட்டார் நின்ற மணியைக் கழித்திருந்தேன். விடை மைனஸ் 37 நிமிடம். அலாரம் அடிக்கவில்லை. காவலுக்கு இருந்த அண்ணன் தண்ணீர் அடிக்கும் சத்தம் நின்றதைக் கேட்டு ஓடிப்போய் ஸ்டார்ட்டரைப் போட்டார்.

2017 புத்தாண்டில் உலக மணியில் கூடுதலாக ஒரு நொடி (லீப் நொடி) சேர்ந்தபோது, கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) தடுமாறியதும் இதே கழித்தல் கணக்கால்தான். அதே வருடம் வந்த கோ நிரல்மொழியின் 1.9 பதிப்பு, நேரத்தோடு மோனோடானிக் அளவையும், அதாவது பின்னால் போகாமல் முன்னால் மட்டும் ஓடும் எண்ணிக்கையையும், சேர்த்தே வைத்துக்கொள்ள ஆரம்பித்தது.

சரி, எதை வைத்து அளப்பது? பைதானில் 2012-லிருந்து டைம்.மோனோடானிக் இருக்கிறது. யார் மணியை மாற்றினாலும் அது பின்னால் போகாது. நெட் வழியாக மணியைச் சரிசெய்யும் என்டிபி, மணியை மெல்ல நகர்த்தும்போது மட்டும் அதன் வேகம் கொஞ்சம் மாறும்: வழக்கமான உச்சம் நொடிக்கு அரை மில்லிநொடி, அதாவது 10 நிமிடத்துக்கு 0.3 நொடி. இறாலுக்கு அது ஒன்றுமே இல்லை. அதுகூட வேண்டாம் என்றால் லினக்ஸில் இந்த நகர்த்தல் படாத மோனோடானிக் ரா என்ற கடிகாரம் உண்டு. என் வேலைக்குத் தேவைப்படவில்லை.

லேப்டாப்பில் கவனம் வேண்டும். லினக்ஸில் மூடிவைத்துத் தூங்கும் நேரத்தை மோனோடானிக் எண்ணாது, பூட்டைம் என்ற இன்னொரு கடிகாரம் எண்ணும். பண்ணைப் பலகைக்குப் பலர் சொல்வதுபோல 3231 ஆர்டிசி சிப் (பேட்டரியில் ஓடும் கடிகாரம்) போடலாம், நானும் போட்டேன். கரண்ட் போய் வந்தாலும் மணி சரியாக இருக்கும். ஆனால் கையால் மாற்றுவதை அது தடுக்காது, அதனால் மோனோடானிக்குக்கு அது மாற்று ஆகாது.

மோனோடானிக்குக்கும் ஒரு குறை உண்டு. பலகை அணைந்து எழுந்தால் அதன் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். முன்பு ஃபைலில் எழுதி வைத்த எண்ணோடு கழிக்கக் கூடாது. அதனால் இப்போது நோட்டில் பதிவதற்கு மட்டும் சாதாரண மணி, அலாரத்துக்கு மோனோடானிக். பலகை எழுந்ததும் ஏரேட்டர் நின்றிருந்தால் 10 நிமிடம் காத்திருப்பதில்லை, உடனே அடிக்கிறது.