ஆறரை அங்குலச் சதுர அடிமட்டம்: 192 துண்டு சீவி முடித்த பிறகு

தங்கச்சியின் மகளுக்கு ரொறன்ரோவில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தை மாதம் சேதி வந்தது. எனக்கு அது முதல் பேரப்பிள்ளை. கடையில் வாங்கி அனுப்புகிற எண்ணமே வரவில்லை. கையால் ஒரு குவில்ட் தைத்துக் கொடுக்கவேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்து மார்கழிப் பனிக்கு ஒரு பருத்திப் போர்வை காணும். அங்கத்தைக் குளிருக்கு இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தது வேண்டும்.

36 அங்குல அகலம், 48 அங்குல நீளம். மாதிரி காற்றாடி. ஒரு கடும் நிற முக்கோணமும் ஒரு வெளிர் நிற முக்கோணமும் சேர்ந்து மூன்று அங்குலச் சதுரம் ஒன்று. இதை அரைச்சதுர முக்கோணம் என்கிறார்கள். அப்படி நாலு துண்டைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு காற்றாடி. மொத்தம் 48 காற்றாடி, அதாவது 192 துண்டு. அந்த 192ஐயும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது ஒரு சதுர அடிமட்டம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அது இல்லாமல்தான் தொடங்கினேன். மகனின் பழைய கணிதப்பெட்டியில் இருந்த மூலைமட்டத்தை எடுத்து, துணியில் பென்சிலால் முக்கோணம் கீறி, கத்தரிக்கோலால் வெட்டித் தைத்தேன். முதல் வரிசையில் 12 துண்டு. விரித்து அளந்தால் 36½ அங்குலம் வரவேண்டியது 35¾இல் நின்றது. ஒரு துண்டுக்குப் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் பிழைத்தால் கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டு துண்டில் அது முக்கால் அங்குலம். இரண்டாவது வரிசை மாறி நீண்டுபோய் வந்தது. இரண்டையும் சேர்த்தபோது காற்றாடியின் நடுப்புள்ளி ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அன்றிரவு முழுக்கத் தையல் பிரித்தேன்.

தங்கச்சி போனில் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அளவா வெட்டப் பாக்காதேங்கோ. கொஞ்சம் பெரிசா வெட்டித் தைச்சுப்போட்டு, பிறகு சீவுங்கோ. அதுக்கெண்டு ஒரு அடிமட்டம் இருக்கு, ஆராவது வரேக்க குடுத்துவிடுறன்." பங்குனியில் ஊருக்கு வந்த ஒருவரிடம் அடிமட்டமும், வட்டக் கத்தி ஒன்றும், வெட்டுவதற்கு விரிக்கிற பச்சை விரிப்பு ஒன்றும் வந்து சேர்ந்தன.

அடிமட்டம் கண்ணாடி போன்ற அக்கிரிலிக். பார்த்தால் சாதாரணம். ஆறரை அங்குலச் சதுரம், எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு ஒரு கோடு, மூலையிலிருந்து மூலைக்கு 45 பாகையில் ஒரு குறுக்குக் கோடு. ஏன் ஆறு இல்லாமல் ஆறரை என்று முதலில் யோசித்தேன். தைத்து முடிந்தால் ஆறு அங்குலம் வருகிற கட்டத்துக்குச் சுற்றிவரத் தையலுக்குக் கால் அங்குலம் விட்டால் ஆறரை. என்னுடைய காற்றாடிக் கட்டமும் அதே அளவு. நாலு துண்டு சேர்த்த கட்டத்தின் மேல் அடிமட்டத்தை அப்படியே வைத்தால் முழுக் கட்டமும் அதற்குள் அடங்கவேண்டும். சரியா பிழையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இனிக் கணக்கு, ஏனென்றால் இந்த அடிமட்டத்தின் அருமை அதில்தான் இருக்கிறது. மூன்று அங்குலத் துண்டுக்கு 3⅞ அங்குலச் சதுரம் வெட்டச் சொல்வார்கள். தச்சர் கணக்கில் மூன்று அங்குலம் ஏழு நூல். முக்கோணத்துக்கு மூன்று பக்கமும் கால் அங்குலம் விடும்போது உண்மையில் கூடுவது 0.854 அங்குலம். ஏழு நூல் என்பது 0.875. அப்படியென்றால் பிழைக்க இடமே இல்லை, மிச்சம் ஒரு மயிரிழைதான். நூலின் தடிப்பும் துணி மடிகிற மடிப்பும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். ஏழு நூலுக்குப் பதிலாக ஒரு முழு அங்குலம் கூட்டி 4 அங்குலமாக வெட்டினால், தைத்த பிறகு சுற்றிவரக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதைச் சீவி எடுத்தால் ஒவ்வொரு துண்டும் 3½ அங்குலம், அச்சொட்டாக.

நான் நாலு அங்குலமாகவும் வெட்டவில்லை. 8 அங்குலச் சதுரத்தில் கடும் நிறம் ஒன்று, வெளிர் நிறம் ஒன்று, நல்ல பக்கம் உள்ளே வர வைத்து, வெளிர் துணியில் இரண்டு மூலைக்கோடும் கீறினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் இருபக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையல். பிறகு துணியை அசைக்காமல் நடுவால் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று, கடைசியில் கீறிய கோடுகளில் வெட்டு. ஒரு சோடியில் எட்டுத் துண்டு வருகிறது. 24 சோடியில் 192. வெட்டிய முக்கோணத்தைத் தனியே கையில் எடுத்துத் தைக்கிற கரைச்சலே இல்லை, அதனால் சரிவாக வெட்டிய ஓரம் இழுபடுவதும் இல்லை. சதுரத்தைச் சுற்றி நாலு ஓரமும் தைத்து, பிறகு மூலைக்கு மூலை வெட்டுகிற முறையையும் ஒரு சோடியில் பார்த்தேன். அதில் வெளி ஓரம் எல்லாமே சரிவு. தையல்காரர் குறோஸ் என்று சொல்வது அதைத்தான். மினுக்கும்போதே அப்பளம் மாதிரி அலையாய் எழும்பிவிட்டது. விட்டுவிட்டேன்.

சீவுவது இப்படி. துண்டை விரித்து மினுக்கி, தையல் ஓரத்தைக் கடும் நிறப் பக்கம் சாய்த்துவிட வேண்டும். அயன்பெட்டியை இழுக்கக்கூடாது, தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். பிறகு அடிமட்டத்தின் குறுக்குக் கோட்டைத் தையலின் மேல் படுக்கவைக்க வேண்டும். கோடு தையலோடு ஒட்டி ஒரே கீறாகத் தெரியும்வரை கை நகர்ந்துகொண்டே இருக்கும். பொருந்துகிற அந்த இடத்தில் கை தானாக நிற்கும். மூன்றரைக் கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் துணி தெரிகிறதா என்று பார்த்து, வலப்பக்கம் ஒரு வெட்டு, மேல்பக்கம் ஒரு வெட்டு. துண்டைத் திருப்பி, வெட்டிய இரண்டு ஓரத்தையும் மூன்றரைக் கோடுகளில் வைத்து மற்ற இரண்டு வெட்டு. மூலையில் நீட்டிக்கொண்டு நின்ற சின்னக் காதுகள் அதோடு போய்விடும். விரிப்பில் விழுகிற சீவல் இடியப்பம் பிழிந்தது மாதிரி இருக்கும். 192 துண்டுக்கு 768 வெட்டு. ஆறு பின்னேரம் எடுத்தது. அந்த ஆறு பின்னேரமும் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு ஒரு தையல்கூடப் பிரிக்கவில்லை. நடுப்புள்ளிகள் ஒன்றோடொன்று பூட்டினமாதிரி வந்து நின்றன.

துணி பற்றியும் சொல்லவேண்டும், அடிமட்டம் எவ்வளவு நல்லதென்றாலும் துணி நெகிழ்ந்தால் பயன் இல்லை. கடும் நிறத்துக்கு அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளும் கைத்தறித் துண்டுகளும் எடுத்தேன். கைத்தறி தும்பு விடும், சரிவில் நன்றாக இழுபடும். அதற்கு எங்கள் வீட்டு வழி இருக்கிறது: வெட்ட முதல் கஞ்சி போட்டேன். வேட்டிக்குப் போடுகிற அதே கஞ்சி, கொஞ்சம் தண்ணியாக. காயவைத்து மினுக்கினால் துணி கடுதாசி மாதிரி நிற்கும். கோடு கீறப் பென்சில் இழுக்காது. தைத்து முடித்துக் கழுவியதும் போய்விடும். வெளிர் நிறத்துக்குப் பெரியகடைப் பக்கம் ஒரு புடைவைக்கடையில் தனிப் பருத்தி என்று சொல்லித் தந்த துணி தனிப் பருத்தி இல்லை. அயன்பெட்டி பட்ட இடம் சுருங்கியது. ஒரு நூலை இழுத்து நெருப்பில் பிடித்தேன், உருகிக் கறுப்பு மணியாய் இறுகியது. பருத்தி என்றால் கடுதாசி மாதிரி எரிந்து சாம்பலாய் உதிரும். இப்போது ஒரு சாண் துணி முதலில் வாங்கி, வீட்டில் நூல் எரித்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சம் வாங்குகிறேன்.

அடிமட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. துணியின் மேல் வழுக்குகிறது, கஞ்சி போட்ட துணியில் இன்னும் கூட. முதல் நாள் மூன்று துண்டு அதனாலேயே கோணியது. மெல்லிய சாண்ட் பேப்பரில் நாலு சின்ன வட்டம் வெட்டி அடிப்பக்க மூலைகளில் ஒட்டினேன், பிறகு அசையவில்லை. கோடுகள் கறுப்பு நிறம் என்றபடியால் கருநீலச் சேலைத்துண்டின் மேல் தெரியவில்லை. அந்தத் துண்டுகளை வெளிர் நிறப் பக்கம் எனக்குக் கிட்ட வரத் திருப்பி வைத்து, யன்னல் வெளிச்சத்தில் சீவினேன். இரவில் அந்த நிறத்தைத் தொடவில்லை.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த தங்கச்சி இன்னொரு வகை அடிமட்டமும் கொண்டுவந்தாள். அதன் அடியில் குறுக்காக ஒரு பள்ளம். தையல் ஓரத்தின் மேடு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ள, அடிமட்டம் நகராது. கெதியாகப் போகிறது, கண்ணுக்கு அலுப்பும் குறைவு. தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்து மினுக்குகிறவர்களுக்கு மட்டும் அது உதவாது, மேடு இருந்தால்தான் பிடிக்கும். என்னைக் கேட்டால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சாதாரண ஆறரை அங்குலம். அதனால் முக்கோணமும் சீவலாம், கட்டமும் பார்க்கலாம், சின்னச் சதுரமும் வெட்டலாம்.

வட்டக் கத்தி 45 மில்லிமீற்றர். சில்லு மாதிரி உருண்டு வெட்டும். இந்த வகைக் கத்தியை 1979இல் ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம்தான் முதலில் கொண்டுவந்தது. கத்தரிக்கோல் துணியைத் தூக்கி வெட்டும், இது துணியைப் படுக்கவைத்தே வெட்டும், வித்தியாசம் அங்கேதான். ஒருநாள் கவனமில்லாமல் குண்டூசி மேல் ஓட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஐந்தரை அங்குலத்துக்கும் ஒரு நூல் வெட்டுப்படாமல் நின்றது, அலகில் விழுந்த பல் ஒரு சுற்றுக்கு ஒருதரம் வருகிற தூரம் அது. அலகு மாற்றத்தான் வேண்டியிருந்தது. சொல்லி அனுப்பும்போது மேலதிக அலகு இரண்டும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்டி முடித்த ஒவ்வொரு தடவையும் மூடியை இழுத்துவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம். பச்சை விரிப்பைச் சித்திரை வெயிலில் விறாந்தைச் சுவரோடு சாய்த்துவைத்து வளைத்துவிட்டேன். அதன் இடம் கட்டிலுக்குக் கீழே, தட்டையாக.

தைத்தது அம்மாவின் சிங்கர் கைமெஷினில். தொண்ணூறுகளில் கரன்ட் இல்லாத வருஷங்களில் எங்கள் வீட்டுச் சட்டையெல்லாம் அதில்தான் பிறந்தது. கால் அங்குலத் தையலுக்கு அதைவிடத் திறமானதை நான் காணவில்லை, ஒவ்வொரு குத்தாகச் சுற்றி நிறுத்தலாம். ஊசியிலிருந்து கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைத்து அளந்து, தட்டில் பிளாஸ்டர் துண்டு ஒன்று ஒட்டி, துணி ஓரத்தை அதோடு விட்டேன்.

அடிமட்டம் 20 கனடா டொலருக்குள் வந்தது என்று தங்கச்சி சொன்னாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பதென்றால் "சதுரம், ஆறரை அங்குலம், 45 பாகைக் கோடு மூலைக்கு மூலை போகவேண்டும்" என்று எழுதியே அனுப்புங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை "குவில்ட் அடிமட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டாள், அவளுக்கு வந்தது 24 அங்குல நீள அடிமட்டம். பட்டி வெட்ட அது நல்லது. துண்டு சீவ இப்போதும் என்னுடையதைத்தான் வாங்கிக்கொண்டு போகிறாள்.