வட்டியில்லாக் கடனா, வங்கிக் கடனா, அம்மாவின் காப்பா?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்த அன்றிரவே திருகோணமலையில் எங்கள் வீட்டில் இரண்டு கொப்பி விரிந்தது. ஒன்றில் தங்கச்சி என்னென்ன படிக்கலாம் என்று எழுதினாள், மற்றதில் அம்மா எங்கெங்கே காசு எடுக்கலாம் என்று எழுதினார். அம்மாவின் கொப்பியில் கடைசி வரி "காப்பு 2", அதாவது கையில் கிடக்கும் இரண்டு காப்பையும் அடகு வைப்பது. அதைப் பார்த்த பிறகுதான் எல்லாக் கடனையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். 2019இல் எனக்காக ஒரு கடன் எடுத்து நாங்கள் பட்ட பாடு ஒருதரம் போதும்.

முதலில், அரச பல்கலைக்கழகம் கிடைத்தவர்கள் இந்தக் கணக்குக்குள் வரவே தேவையில்லை. படிப்புக்குக் கட்டணம் கிடையாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில்தான் இருக்கிறது, டவுனில் இருப்பவர் நிலாவெளி பஸ்ஸில் வீட்டிலிருந்தே போய்வரலாம். அப்புறம் மகாபொல என்ற உதவித்தொகை. 1981இல் தொடங்கியது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் ஆக்கினார்கள். அது கிடைக்காதவர்களுக்கான பேர்சரி என்ற உதவிப்பணத்தை அதே திட்டத்தில் 6,500 ஆக்கினார்கள். இரண்டும் திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு, ஆனால் சும்மா வீடு தேடி வராது, விண்ணப்பிக்க வேண்டும். வெட்கத்தில் வருமானத்தைக் கூட்டி எழுதும் அப்பாமாரை நான் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரேயொரு சிக்கல், முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் இழுபடும். அந்த இடைவெளியைக் கடக்க ஒரு காப்பை அடகு வைத்தால் அதில் பிழையில்லை.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதபோதுதான் உண்மையான தலையிடி. தனியாருக்கு ஓடுவதற்கு முதல் இங்கேயே இருக்கும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தையும் ஒருக்கால் பாருங்கள். எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) என்றால் முகத்தைச் சுளிக்கிறவர்கள் அதில் கணக்கியல் முடித்து வேலையில் இருப்பவர்களிடம் போய்க் கேட்கட்டும்.

இல்லை, பட்டப்படிப்புத்தான் வேண்டும் என்றால் அரசின் வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது, வங்கியின் கல்விக் கடன் இருக்கிறது. வட்டியில்லாக் கடன் 2017இல் வந்தது. ஏ.எல்.இல் மூன்று பாடமும் சித்தியடைந்து அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு, அரசு பட்டியலிட்ட தனியார் நிறுவனங்களின் பட்டப்படிப்புகளுக்கு மட்டும். வட்டியை அரசு வங்கிக்குக் கட்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் வாங்கிய கடன் தொகையை நாங்கள் கட்டத் தொடங்க வேண்டும். ஆரம்பத்தில் கட்டணத்துக்கு 8 இலட்சம், செலவுக்கு வேண்டுமென்றால் மேலே 3 இலட்சம் என்று கொடுத்தார்கள்.

இப்போது அம்மாவின் கொப்பியில் நான் போட்டுக் காட்டிய கணக்கு. அந்த 11 இலட்சத்தை எட்டு வருடத்தில் கட்டி முடிப்பதாக வைத்தால் மாதம் 11,458 ரூபாய். வங்கியில் 10 இலட்சம் எடுத்து, வட்டி 14 வீதம், படிக்கும் காலத்தில் வட்டி மட்டும் கட்டுவோம் என்றால் மாதம் 11,667 ரூபாய். அதாவது வட்டியில்லாக் கடன் மொத்தமாக அடைபடும் கிட்டத்தட்ட அதே மாதக் காசில் வங்கியில் வாங்கிய கடன் தொகை ஒரு சதமும் குறையாது. நாலு வருடத்தில் 5 இலட்சத்து 60 ஆயிரம் கட்டியிருப்போம், பட்டமளிப்பு விழாவுக்குப் போகும்போது 10 இலட்சமும் அப்படியே நிற்கும்.

அதுவும் அந்த 14 அப்படியே இருந்தால்தான். என் கடனில் "மாறும் வட்டி" என்று இருந்த வரியை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை, பென்சிலால் புள்ளடி போட்டுக் கொடுத்த இடங்களில் எல்லாம் அப்பா கையெழுத்து வைத்தார். 2022 கடைசியில் வங்கிகள் தங்கள் மிக நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முதன்மைக் கடன் வட்டியே 25 வீதத்தைத் தாண்டியது. தவணை கூடிய கடிதம் வந்த அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. 2019இலேயே வட்டியில்லாக் கடன் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, விண்ணப்ப முடிவுத் திகதி போய் மூன்று கிழமைக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பத்திரிகை அறிவித்தலில் வரும், கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும், உயர்கல்வி அமைச்சின் தளத்தை நீங்கள்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் வட்டியில்லாக் கடனும் இனிப்பு மட்டுமில்லை. நிறுவனமும் படிப்பும் பட்டியலில் இருப்பதுதான், அதற்கு வெளியே ஆசைப்பட முடியாது. பெரும்பாலும் கொழும்புப் பக்கம், ஆகவே அறை வாடகை, சாப்பாடு, இரவு ரயில் எல்லாம் சேரும். மாதம் எவ்வளவு போகும் என்று அங்கே இப்போது படிக்கும் ஒரு திருகோணமலைப் பிள்ளையிடம் கேளுங்கள், நிறுவனத்தின் கவுண்டரில் கேட்காதீர்கள்.

நகை அடகு என் கணக்கில் முடிவு தெரிந்த செலவுக்கு மட்டும்: பதிவுக் கட்டணம், முதல் மாத வாடகை, அந்த மாதிரி. ஒரு வருடத்தில் மீட்கலாம் என்று விரலில் எண்ணிச் சொல்ல முடிந்தால் வையுங்கள். நாலு வருடப் படிப்பை அடகில் ஓட்டினால் நகை ஏலத்துக்குத்தான் போகும். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து வசூலிக்கும் குழுக் கடன் வேண்டவே வேண்டாம். அதற்கு மத்திய வங்கி முன்பு போட்ட உச்சவரம்பே வருடத்துக்கு 35 வீதம், மிச்சத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

வட்டியை விட எங்களைக் கஷ்டப்படுத்தியது பிணை. கடலுக்குப் போகும் குடும்பத்தில் நிரந்தரச் சம்பளக்காரர் எத்தனை பேர்? எங்களுக்கு இருப்பது ஆசிரியராக இருக்கும் மாமா ஒருவர். அவர் முன்பு ஒரு சிநேகிதருக்குப் பிணை நின்று, அந்தச் சிநேகிதர் வெளிநாடு போய்விட, மூன்று வருடம் சம்பளத்தில் வெட்டுப்பட்டவர். அதனால் அம்மா கேட்கவே கூச்சப்பட்டார்.

போன ஞாயிறு மாமா தானாகவே வந்தார், சம்பளப் பட்டியலை ஒரு பொலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்தார். கடன் தொகையையோ வட்டியையோ அவர் கேட்கவில்லை, தங்கச்சியிடம் ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளை, நாலு வருசத்தில முடிச்சிடுவியா?"

"முடிப்பன் மாமா."

அதற்கு மேல் பேச்சில்லை, வட்டியில்லாக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து வைக்கப் பேனையைக் கேட்டார். அவர் போன பிறகு அம்மா கொப்பியை எடுத்து வங்கிக் கடன் வரியை நீளமாக வெட்டினார். "காப்பு 2" என்பதை "காப்பு 1" ஆக்கினார், லப்டொப் வாங்க வேண்டுமே.