நியூகிரேஞ்ச்: விளக்கை அணைத்ததும் வாயடைத்துப் போனேன்

அயர்லாந்து வந்தால் நியூகிரேஞ்ச் என்ற இந்தக் கற்காலக் கல்லறை மேட்டுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். டப்ளினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், ஆனால் கல்லறை மேட்டுக்கு நேரே போக முடியாது. புரூ நா போய்ன்யா பார்வையாளர் மையத்திலிருந்து பேருந்தில் கூட்டிப்போவார்கள். வழிகாட்டியோடு சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், அங்கே படம் எடுக்கக் கூடாது. கோடையில் முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள்.

மேட்டைக் கட்டி சுமார் 5,200 ஆண்டு ஆகிறது. கீசாவின் பெரிய பிரமிடே இதற்குப் பல நூறு ஆண்டு பின்னால்தான். அதுவும் இந்த மேட்டைக் கட்டியது உலோகக் கருவியே இல்லாத உழவர்கள்! 19 மீட்டர் நடைவழியில் சில இடங்களில் தோளைத் திருப்பிக் குனிந்துதான் போக வேண்டும், இடுக்கான இடம் என்றால் பயப்படுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளறையில் நின்று அண்ணாந்து பார்த்தால், சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக உள்நோக்கி நீட்டி அடுக்கிய கற்கள்தான் கூரை. இத்தனை காலமாக உள்ளே ஈரம் இறங்கவில்லை. அயர்லாந்து மழையில் நனைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அப்புறம் வழிகாட்டி விளக்கை அணைத்தார். கும்மிருட்டு. வாசலுக்கு மேலே உள்ள சிறு திறப்பு வழியாக வெயில் வருவதுபோல மின்விளக்கைப் போட்டதும், ஒரு ஒளிக்கோடு தரையில் மெல்ல ஊர்ந்து எங்கள் காலடிவரை வந்தது, யாருமே பேசவில்லை. டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்கள், ஆண்டின் மிகக் குறுகிய பகல்கள், சூரியன் உதிக்கும்போது நிஜ வெயிலே இப்படி சுமார் 17 நிமிடம் உள்ளே விழுகிறது. அகழாய்வு செய்த ஓ'கெல்லி 1967-இல் இங்கே நின்று அதைக் கண்ணால் பார்த்தார். அந்த விடியலுக்கு உள்ளே போகக் குலுக்கல் நடத்துகிறார்கள். வானத்தை இவ்வளவு துல்லியமாகக் கணித்தவர்களை இனி 'கற்கால மனிதர்' என்று லேசாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

வெளியே எல்லோரும் வெள்ளைக் குவார்ட்ஸ் முகப்பின் முன்னால்தான் படம் எடுக்கிறார்கள். அது 1970-களில் கான்கிரீட்டை உள்ளே வைத்து மீட்டுக் கட்டியது, அந்தக் கற்கள் முதலில் வாசலில் தரையில்தான் பரப்பியிருந்தன என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அதைவிட வாசலில் கிடக்கும் சுருள் கோலக் கல்தான் பெரிது. அனுமதித்தால் மேட்டைச் சுற்றி நடந்து, அடிவாரத்து 97 கற்களில் வாசலுக்கு நேர் பின்னால் இருக்கும் 52-ஆம் கல்லையும் பார்த்துவிடுங்கள். அதன் செதுக்கலும் அவ்வளவு அழகு.