மரைத் தலையை மறுபடி பாடம் செய்வதா, கொம்பை மட்டும் பலகையில் பூட்டுவதா?

மோசமாகப் பாடம் செய்த மான் தலையோ, மரை என்கிற சாம்பர் மானின் தலையோ வீட்டில் இருந்தால் செய்யக்கூடியவை நாலு. இருப்பதை ஒட்டி, தைத்து, சாயம் பூசி ஒப்பேற்றலாம். பழைய தோலைக் கழற்றிவிட்டு புதுத் தோல், புது அச்சு, புதுக் கண் என்று முழுத் தலையாக மறுபடி செய்யலாம். கொம்பையும் அது முளைத்த மண்டையோட்டுத் துண்டையும் மட்டும் எடுத்துப் பலகையில் பூட்டலாம். முழு மண்டையோடு உள்ளே இருந்தால் அதைச் சுத்தம் செய்து வெள்ளையாக, கொம்போடு தொங்கவிடலாம். நாங்கள் செய்தது மூன்றாவது. கொம்பு வழக்கத்துக்கு மாறானது, வீடு இருப்பது எங்களைப் போல இலங்கை மலையகத்தில் என்றால் அதுதான் சரி என்பது என் கட்சி.

எங்கள் வீட்டுத் தலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். தாத்தா தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பங்களா அப்புவாக, அதாவது துரை வீட்டுச் சமையல்காரராக இருந்தவர். 1975-இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, சீமைக்குப் புறப்பட்ட துரை அவரிடம் விட்டுப்போன சாமான்களில் இதுவும் ஒன்று. ஆண் மரை. ஹோர்டன் சமவெளிக்குப் போனவர்கள் வாகனம் நிறுத்தும் இடத்திலேயே மரையைப் பார்த்திருப்பீர்கள், கொம்பும் தெரிந்திருக்கும்: ஒரு பக்கத்துக்கு மூன்று முனை, அடியில் நெற்றிக்கு மேலே ஒரு கிளை, உச்சியில் இரண்டாகப் பிரியும் கவை. எங்களுடையதில் இடது கொம்பு அப்படியே. வலதோ அடியிலேயே வெளிப்பக்கம் சாய்ந்து, நடுவில் தட்டையாகி, அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு கிளை விட்டு, அடி வளையத்தை ஒட்டி இன்னும் இரண்டு குட்டிக் கிளைகளோடு நிற்கிறது. நுவரெலியா ஹில் கிளப் சுவரில் இருக்கிற பழைய தலைகளோடு வைத்துப் பார்த்தாலும் இது தனியாகத் தெரியும்.

பாடம் செய்தவர் அதைத்தான் கெடுத்து வைத்திருந்தார். இரண்டு கொம்பும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும் என்று மண்டையோட்டுத் துண்டையே சாய்த்துப் பூட்டி, அந்தச் சாய்வை மறைக்க பிளாஸ்டரை அள்ளி அப்பி, அதன் மேல் தோலை இழுத்துத் தைத்திருந்தார். அதனால் முகம் கோணல், ஒரு காது மேலே, ஒரு காது கீழே. போதாததற்குக் கொம்பு முழுக்க வார்னிஷ்.

ஒப்பேற்றும் வேலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. உதடு பிரிந்த இடத்தில் பசை, கண் ஓரத்தில் களிமண், மேலே சாயம் என்று செய்தால் கொஞ்ச நாளைக்குப் பார்க்கலாம். உள்ளே இருக்கிற கோணல் அப்படியே இருக்கும்.

முழுத் தலையாக மறுபடி செய்வதற்குத்தான் வீட்டில் ஆதரவு கூட. “முகம் இல்லாட்டி அது என்னடா மரை, வெறும் கொம்புதானே” என்றார் மாமா. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நன்றாகச் செய்த தலையைப் பார்த்தால் மிருகம் நம்மைத் திரும்பிப் பார்ப்பது போலவே இருக்கும். இப்போது வைக்கோலும் மரச்சுருளும் திணிப்பதில்லை; கண் ஓரத்திலிருந்து மூக்கு நுனிவரை ஒரு அளவு, காதுக்குப் பின்னால் கழுத்துச் சுற்றளவு ஒன்று என்று எடுத்து, அதற்குப் பொருந்தும் கெட்டி நுரை அச்சை எடுத்து, பதனிட்ட தோலை அதன் மேல் பசை வைத்து இழுத்துப் போர்த்துகிறார்கள். ஆனால் இந்த வழியில் போனால் முதல் கேள்வி தோலுக்கு எங்கே போவது என்பது. வெளிநாட்டில் வேட்டைக்காரர்கள் இன்னொரு மானின் தோலை விலைக்கு வாங்கிப் போடுவார்கள். இங்கே மரை பாதுகாக்கப்பட்ட மிருகம், 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. புதுத் தோல் வேண்டும் என்றால் யாரோ புதிதாக ஒரு மரையைக் கொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது பேச்சுக்கே இல்லை. பழைய தோலையே ஊறவைத்துத் திரும்பப் போடலாமே என்றால், சரியாகப் பதனிடாமல் இத்தனை வருடம் காய்ந்த தோல் தண்ணீர் பட்டதும் மயிர் கழன்று, விரலால் இழுத்தாலே கிழியும் நிலைக்கு வந்துவிடும். கைதேர்ந்த ஒருவர் அப்படியான தோலைக் காப்பாற்றியும் இருக்கலாம், நான் நேரில் பார்த்ததில்லை.

சரி, தோல் எப்படியோ முறையாகக் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அப்புறம் வருவதுதான் எனக்கு முடிவைச் சொன்ன விஷயம்: ஈரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். தலவாக்கலை, ஹட்டன் எல்லாம் அதற்குக் கீழே என்றாலும் மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டம்பர்வரை சுவர் காய்வதில்லை, அலுமாரிக்குள் இருக்கும் சப்பாத்தில்கூடப் பூஞ்சணம் பூக்கும். தோல் அந்த ஈரத்தைக் குடித்து ஊதும், வெயில் மாதங்களில் சுருங்கும். குளிருக்கு நெருப்பு மூட்டுகிற அறையில் தொங்கவிட்டால் ஒரே நாளிலேயே இரண்டும் நடக்கும். உள்ளே இருக்கிற அச்சு ஊதுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. இழுபடுவது தையல்தான், அதனால் முதலில் கழுத்துத் தையல் விடும், பிறகு கண் இமை பின்வாங்கும், பிறகு உதடு. ஈரமான தோலுக்குத் தோல்வண்டும் அந்துப்பூச்சியும் தேடி வரும், மூக்கு மடிப்பிலும் காதுக்குள்ளும் முட்டையிடும். மயிர் உதிர ஆரம்பித்த பிறகு நிறுத்துவது கஷ்டம். இதைத் தவிர்க்க மாதா மாதம் தூசி தட்டி, மென்மையான தூரிகையால் மயிர்ப்போக்கில் துடைத்து, மழைக்காலம் முழுக்க அறையை உலர்வாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொழும்பில் குளிரூட்டி ஓடும் அறை உள்ளவருக்கு அது பெரிய விஷயமில்லை. தகரக் கூரை போட்ட எங்கள் வீட்டுக்கு அது தீராத வேலை.

கொம்புக்கு இதெல்லாம் இல்லை. மாட்டுக் கொம்பு போல மேலே ஓடு கிடையாது, மரைக் கொம்பு முழுக்க எலும்பு. பூஞ்சணம் மேலாகப் படிந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போகும். எலி கொறிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் அந்தக் கொம்பே சொன்ன சங்கதி. பிளாஸ்டரைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து எடுத்தபோது, வலது கொம்பு முளைக்கிற எலும்புத் தண்டின் அடியில் ஒரு பழைய முறிவு உடைந்து கூடிய மேடாகத் தெரிந்தது. மரை கொம்பை உதிர்த்து மறுபடி முளைக்கவிடுவது. இளங்கொம்பு மெல்லிய தோல் போர்த்தி வளரும் காலத்தில் அடிபட்டால் அந்த முளைப்பு மட்டும் கோணும், அது உதிர்ந்ததும் அடுத்தது ஒழுங்காக வரும். தண்டே உடைந்திருந்தால் கொம்பு ஒவ்வொரு முறையும் அந்தக் காயத்தோடுதான் முளைக்கும். பின்னங்காலில் பட்ட பெரிய காயம் எதிர்ப்பக்கக் கொம்பில் தெரிவதும் உண்டு. எங்கள் மரை எங்கே விழுந்ததோ, எதோடு மோதியதோ, ஆனால் அந்த முறிவு கூடிய பிறகும் அது உயிரோடு திரிந்திருக்கிறது, கொம்பு வளர்த்திருக்கிறது. முழுத் தலையாகச் செய்தால் அந்த இடம் மறுபடி தோலுக்குள் போய்விடும். பலகையில் திறந்து வைத்தால் யாரும் பார்க்கலாம். இதைக் கண்ட பிறகு மாமாவும் முகத்தைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வழியில் போகிறவர்கள் கையை வைக்கும் முன் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள், எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் சொல்லுங்கள். வேலைக்காக வெளியூர் கொண்டுபோவதாக இருந்தால் கட்டாயம். விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அடுத்தது விஷம். அந்தக் காலத்தில் பூச்சி வராமலிருக்கத் தோலின் உட்பக்கம் ஆர்சனிக் கலந்த சோப்பைப் பூசுவது வழக்கம். கண் ஓரத்திலோ மயிரடியிலோ வெள்ளைத் தூள் கண்டால் தொடவே வேண்டாம், காணாவிட்டாலும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். வீட்டுக்கு வெளியே, கையுறை, நல்ல முகமூடி, பிள்ளைகள் பக்கத்தில் கூடாது. உரசுதாள் போடக் கூடாது. கழற்றிய தோலை எரிக்கவே கூடாது, புகையிலும் விஷம் வரும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலோ தோட்டத்திலோ புதைக்கவும் வேண்டாம். நாங்கள் தடித்த பொலித்தீனில் இரட்டையாகக் கட்டி, டின்னில் அடைத்துத் தனியாக வைத்திருக்கிறோம்.

வார்னிஷை மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். அவசரப்பட்டுத் தேய்த்தால் கொம்பின் இயற்கையான பழுப்பும் போய் வெளுத்துவிடும். அப்படி வெளுத்த இடத்துக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை மிக மெல்லியதாகக் கரைத்துத் தடவினால் பழுப்பு திரும்பும். முதலில் பூசும்போது ஊதாவாக நின்று பிறகுதான் நிறம் மாறும், பயப்பட வேண்டாம். மண்டையோட்டுத் துண்டைக் கொம்பு நேராக நிற்கட்டும் என்று நடுவே பிளக்கச் சொல்வார்கள், விடாதீர்கள். பிளந்துவிட்டால் இரண்டு கொம்புக்கும் இடையிலான உண்மையான விரிவை அப்புறம் அளக்கவே முடியாது. தச்சு பாஸ் நன்றாக உலர்ந்த பலாப் பலகையில் செய்தார், பூட்டுவதற்குப் பித்தளை ஸ்குரூ. இரும்பு போட்டால் இந்த ஈரத்தில் துரு எலும்பில் இறங்கும். நெற்றி நேராக வரும்படி வைத்தோம். கொம்பு கோணலாகத் தெரிந்தால் தெரியட்டும், அது அப்படித்தான் முளைத்தது.

நாலாவது வழியான முழு மண்டையோடு எனக்குப் பிடித்ததுதான், முகவடிவமும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் பல பழைய தலைகளில் கொம்படித் துண்டை மட்டும் அறுத்து வைத்திருப்பார்கள், எங்களுடையதிலும் அவ்வளவுதான் இருந்தது. உங்களுடையதில் முழுதாக இருந்தால் ஹைட்ரஜன் பெரொக்சைட்டால் வெளுக்கலாம், கொம்பில் படாமல். துணி வெளுக்கும் குளோரின் வேண்டாம், எலும்பு நாளடைவில் பொடியாகும். இதை நான் கையால் செய்ததில்லை, செய்தவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கொம்பு வழக்கமான ஆறு முனை, பழைய தோலும் கெடாமல் இருக்கிறது, வீடும் உலர்ந்த பகுதியில் என்றால் நானே அந்தத் தோலை அப்படியே விட்டு முகத்தை மட்டும் திருத்தச் சொல்வேன். தோல் கழுத்தில் ஏற்கனவே பிளந்திருந்தால் அடுத்த மழைக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.