அக்ஸியோவின் ஸ்டியரிங்குக்குப் புதுத் தோல்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

எங்களுடையது 2014 டொயோட்டா அக்ஸியோ ஹைபிரிட். வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லைக்கு தினமும் வேலைக்குப் போய்வரும் கார். இஞ்சினிலும் ஏசியிலும் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஸ்டியரிங் மட்டும் கொரோனா காலத்தில் கெட்டுப்போனது. கடைக்குப் போனாலும் சரி, பெற்றோல் செட்டுக்குப் போனாலும் சரி, கையில் சானிடைசரைப் பூசிக்கொண்டு அது காய்வதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தோம் அல்லவா, அதிலுள்ள அல்ககோல் தோலின் மேலிருக்கும் மெல்லிய நிறப்பூச்சைத் தின்றுவிடும். பூச்சு போனதும் வியர்வை உள்ளே இறங்கும். அப்புறம் கொழும்பு வெயிலில் திறந்த பார்க்கிங்கில் எட்டு மணி நேரம் நின்றால் கேட்கவே வேண்டாம். வலது கை பிடிக்கிற இடம் முதலில் பிசுபிசுத்தது, பிறகு உரிந்தது, கடைசியில் வெள்ளைச் சட்டைக் கைமடிப்பில் கறுப்புக் கறையாக ஒட்ட ஆரம்பித்தது.

காரை மாற்றும் யோசனைக்கே அப்போது இடமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற காரை வைத்துக் காப்பாற்றுவதுதான் எல்லோருக்கும் வேலை. பஞ்சிகாவத்தையில் கழற்றிய ஸ்டியரிங் கிடைக்குமா என்று இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். கிடைத்தது, ஆனால் பார்த்த நான்கும் அதே வலது பக்கத்தில் அதே மாதிரித் தேய்ந்திருந்தன. ஒட்டோ கியர் காரில் எல்லோருக்கும் வலது கைதான் ஸ்டியரிங்கில் நிரந்தரமாக இருக்கும், இடது கை வரும் போகும்.

அதனால் இருக்கிற ஸ்டியரிங்குக்கே புதுத் தோல் போட 2021 கடைசியில் ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். 6,500 ரூபாய், இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. வாங்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் போட்டது தோல் இல்லை, ரெக்சின். கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று உள்ளே ஒரு ஸ்பொன்ஜ் படையும் ஒட்டியிருந்தார்கள். முதல் நாளே மனைவி சொன்னார், "இது எனக்குப் பிடிபடவே இல்லையே, கட்டை மாதிரி இருக்கு" என்று. அவருடைய கை சின்னது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விரலை நீட்டி சிக்னல் கம்பியைத் தட்டுவது அவரது பழக்கம், இப்போது விரல் எட்டவில்லை. எனக்கும் உள்ளங்கையில் ஒரு சோர்வு வந்தது. நான்கு மில்லிமீட்டர் தடிப்பு கூடினால் கை இவ்வளவு கண்டுபிடிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதைவிட மோசமானது, கழற்றும்போது எயார்பேக் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். டாஷ்போர்டில் எயார்பேக் விளக்கு எரிந்தது எரிந்தபடி, வேறு கராஜில் ஸ்கேனர் போட்டு அழிக்க வேண்டியதாயிற்று. ஒரு வருடம் தாண்டியதும் வெயிலில் பசை இளகி ரெக்சின் உள்ளே வழுக்கத் தொடங்கியது. ஒருநாள் பொரளைச் சந்தியில் வலது பக்கம் திருப்பும்போது கையோடு உறை மட்டும் சுழன்றது, ஸ்டியரிங் ஒரு கணம் பிந்தித்தான் திரும்பியது. பக்கத்தில் பஸ். அன்று இரவே முடிவெடுத்தேன், இதை அப்படியே விடக்கூடாது.

2023 ஜனவரியில் நண்பர் ஒருவர் சொல்லி மருதானைப் பக்கம் ஸ்டியரிங்குக்குத் தோல் தைக்கிற ஒரு நானாவிடம் போனேன். பெயர்ப்பலகை இல்லாத சின்ன இடம், அவரும் ஒரு பையனும் மட்டும். ரெக்சினைப் பார்த்துவிட்டு விலை சொல்லவில்லை, முதலில் என் கையை விரிக்கச் சொன்னார். பிறகு, "வீட்டுல வேற ஆரும் ஓட்டுறதா?" என்று கேட்டார். மனைவியும் ஓட்டுவார் என்றதும், அப்படியென்றால் ஸ்பொன்ஜே வேண்டாம், தோல் மட்டும்தான் என்றார். 24,000 ரூபாய், ஒன்றரை நாள் வேலை. முன்பு கொடுத்ததைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு, யோசிக்கத்தான் செய்தேன்.

அவர் வேலை செய்வதை முதல் நாள் பூராவும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு உடனே கை வைக்கவில்லை, பையனை அனுப்பி பிளேன்டீ எடுப்பித்துக் குடித்து முடித்த பிறகுதான் எயார்பேக்கைத் தொட்டார். டொயோட்டா குறைந்தது 90 விநாடி பொறுக்கச் சொல்கிறது, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்க வேண்டும். நடு நட்டைக் கழற்றுமுன் தண்டிலும் ஸ்டியரிங்கிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ற்றில் ஒரு கோடு. ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஹோர்னுக்கும் எயார்பேக்குக்கும் வயர் ஓடுகிற சுருள் தற்செயலாகத் திரும்பிவிடாமல் அதற்கும் டேப் ஒட்டினார். உங்கள் காரைக் கொடுக்கும் இடத்தில் இந்த மூன்றையும் செய்கிறார்களா என்று நின்று பாருங்கள். இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய உறை, பசை எல்லாவற்றையும் சுரண்டி, பள்ளமான இடத்தை நிரப்பித் தேய்த்தார். அப்புறம் ஸ்டியரிங் முழுக்க சாப்பாடு சுற்றுகிற மெல்லிய பொலித்தீன், அதன்மேல் மாஸ்கிங் டேப். அதில் பேனையால் தையல் வரும் கோடுகளை வரைந்து பிளேடால் வெட்டியெடுத்தபோது நான்கு துண்டு அச்சு கிடைத்தது. தோல் மாட்டுத் தோல், ஒரு மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் தடிப்பு. சோபாத் தோல் இழுபடும், பைக்குப் போடுகிற தோல் வளையாது என்றார். வயிற்றுப் பக்கத்துத் தோலைத் தொடவே இல்லை, அது தளர்ந்துபோகுமாம். அச்சை விடச் சில மில்லிமீட்டர் சின்னதாக வெட்டினார், அப்போதுதான் தைக்கும்போது இழுத்துப் பிடிக்கும்.

தையல்தான் இதில் உயிர். இரண்டு வளைந்த ஊசி, மெழுகு பூசிய தடித்த பொலியெஸ்டர் நூல். ஒவ்வொரு தையலுக்கும் நூலை விரலில் சுற்றி இழுத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தால் விளிம்பை ஒருமுறை அழுத்துவார், பிறகுதான் அடுத்த ஓட்டை. அந்த நகத்தின் நடுவில் நூல் அறுத்த பள்ளம் ஒன்று நிரந்தரமாக இருந்தது. ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் சுற்றி வர இருநூறுக்கும் மேல். அத்தனையும் ஒரே இழுவையில் இருந்தன, இன்றும் அப்படியே இருக்கின்றன.

இப்போது கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு நான்கு தரம் போய் வந்தோம், ஏ9 வழியாக, ஒரு பக்கம் சுமார் 400 கிலோமீட்டர். முன்பெல்லாம் வவுனியா தாண்டும்போதே உள்ளங்கையைத் துடைக்கத் துணி தேடுவேன், இப்போது அந்தத் தொல்லை இல்லை. தோல் எங்கேயும் நகரவில்லை. சூடாகும், அது எந்தத் தோலும் சூடாகத்தான் செய்யும், கண்ணாடிக்கு வெயில் மறைப்பு போட மறந்த நாளில் மத்தியானம் தொட முடியாது. மனைவி முதல் நாள் ஓட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சிக்னலைத் தட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

குறைகளும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட தோல் கேட்டு வாங்கினேன், வியர்க்காது என்று. உண்மைதான், வியர்க்கவில்லை, ஆனால் வலது பக்க ஓட்டைகளில் அழுக்கும் கிரீமும் அடைத்துக்கொள்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். இன்னொரு தரம் செய்தால் முழுக்கச் சமமான தோல்தான் போடுவேன். அதே பக்கத்தில் கொஞ்சம் பளபளப்பும் ஏறியிருக்கிறது. ஒரு நவம்பர் மழையில் இரண்டு கிழமை காரை எடுக்காமல் விட்டபோது அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. வினாகிரியில் தண்ணீர் கலந்து துடைத்து, கதவுகளைத் திறந்து காயவிட்டதும் போய்விட்டது. பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் செய்வதில்லை, ஈரத்துணியில் ஒரு சொட்டு மென்மையான சோப், நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை துளி லெதர் கிரீம். டாஷ்போர்டுக்கு அடிக்கிற பளபளப்பு எண்ணெயை மட்டும் ஸ்டியரிங்கில் படவிடாதீர்கள், வழுக்கும். நூலையும் தோலோடு ஒத்த நிறத்தில் எடுங்கள். என் நண்பர் சிவப்பு நூல் போட்டார், ஆறு மாதத்தில் கைபடும் இடம் மண்ணிறமாகிவிட்டது.

போன மாதம் ஸ்டியரிங் வட்டத்தோடு அதன் வலது பக்கக் கம்பி சேருகிற இடத்தில் மூன்று தையல் அறுந்திருந்தது. நானாவிடம் போனேன். விரலை நூலில் வைத்துப் பார்த்துவிட்டு, என் வலது கையைத் திருப்பி மோதிரத்தைக் காட்டினார். "இதுதான் தம்பி, தையல்ல குறை இல்ல" என்றார். மேலே தட்டிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்தார், உள்ளே எங்கள் ஸ்டியரிங்கின் நான்கு டேப் துண்டுகளும் அதே நூலில் ஒரு சின்னச் சுருளும் இருந்தன. இருபது நிமிடத்தில் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மோதிரம் இப்போது இடது கைக்கு மாறியிருக்கிறது.