ஓடியா, கிரெடிட் கார்டா, பெர்சனல் லோனா? சிபில் ஸ்கோருக்கு எது பாதகமில்லை

ஜூன் மாதம் பிறந்தால் சென்னையில் பாதி வீடுகளில் பட்ஜெட்டில் துண்டு விழும். ஸ்கூல் ஃபீஸ் ஒரு பக்கம், வீடு மாறினால் அட்வான்ஸ் இன்னொரு பக்கம். அவசரத்துக்கு ஓவர்டிராஃப்ட் (சுருக்கமாக ஓடி, வங்கி தரும் லிமிட் வரை கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுப்பது), கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன் என்று மூன்று வழி இருக்கிறது. வட்டி எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்பதற்கு 300 முதல் 900 வரை போகும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரை எது எப்படி அசைக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் அதன் மேல் ஓடி எடுப்பதுதான் என் முதல் தேர்வு. பொதுவாக டெபாசிட்டில் 90% வரை கிடைக்கும். வட்டியும் டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல், அதுவும் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும். ஆனால் ‘நம்ம பணம்தானே’ என்று அசட்டையாக இருக்கக் கூடாது. இதுவும் கடன் கணக்காகத்தான் சிபிலில் ஏறும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஓடிக்கு இஎம்ஐ தேதி கிடையாது. 2 லட்சம் டெபாசிட்டுக்கு 1,80,000 லிமிட் என்று வையுங்கள். முழுவதையும் எடுத்துவிட்டீர்கள். 8% வட்டியில் மாதக் கடைசியில் சுமார் 1,200 ரூபாய் பற்று விழும். பாஸ்புக்கில் பாக்கி 1,81,200, அதாவது லிமிட்டைத் தாண்டிவிட்டது. பொதுவாக ஒரு ஓடி இப்படி 90 நாள் தொடர்ந்து தாண்டியே நின்றால் வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்தும்; டெபாசிட் மேல் எடுத்த ஓடிக்கு, டெபாசிட் தொகை போதிய ஈடாக இருக்கும்வரை அப்படிச் செய்ய வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த 1,200 ரூபாயைக் கட்டி, பாக்கியை லிமிட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளக் கணக்கின் மேல் தரும் ஓடி எனக்குப் பயம் தருகிறது. ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் பக்கம் கம்பெனி மாறுவது சகஜம். புதுக் கம்பெனி வேறு வங்கியில் சம்பளம் போடும். பழைய கணக்கில் வரவு நின்றுபோகும், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். வேலையை விடும் முன் அந்த ஓடியை அடைத்து, லிமிட்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

(மினிமம் பேலன்ஸ் அபராதத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த அபராதத்தால் சேமிப்புக் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.)

முழு பில்லையும் கெடுவுக்குள் கட்ட முடிந்தால் கிரெடிட் கார்டுக்கு ஈடு இல்லை, வாங்கிய பொருட்களுக்கு வட்டியே கிடையாது. மினிமம் டியூ, அதாவது பில்லில் சொல்லும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டுபவர்களுக்குத்தான் ஆபத்து. தாமதம் என்று பதிவாகாதுதான். ஆனால் 1 லட்சம் லிமிட்டில் 90,000 நிலுவை மாதக்கணக்கில் நின்றால் ஸ்கோர் இறங்கும். 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

அடைக்க ஒரு வருடம் ஆகும் என்று தெரிந்தால் பெர்சனல் லோனே மேல். தவறாமல் கட்டும் ஒவ்வொரு இஎம்ஐயும் அறிக்கையில் நல்ல பதிவாக நிற்கும். ஒரே வாரத்தில் நாலைந்து ஆப்களில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொன்றும் கடன் கேட்ட விசாரணையாக அறிக்கையில் பதிவாகி ஸ்கோரை இறக்கலாம்.

சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூடிய ஓடி இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.